பையனும் பணப்பையும்

சாப்ளினின் 'தி கிட்' (1921) படத்தில் அநாதை விடுதிக்காரர்கள் பையனைப் பிடுங்கிச் செல்லும்போது கண் கலங்காதவர் இல்லை. எனக்கோ, படத்துக்கு வெளியே நடந்ததுதான் பெரிய சோகமாகப் படுகிறது. பையனாக நடித்த ஜாக்கி கூகன் சம்பாதித்த லட்சக்கணக்கான டாலர்களைத் தாயும், வரவு செலவைக் கவனித்து வந்து பிறகு மாற்றாந்தகப்பனான மனிதரும் செலவழித்துவிட்டார்கள். 1938-ல் வழக்குப் போட்டும் அவன் கைக்கு வந்தது 1,26,000 டாலர்தான்.

பெற்றவளிடமே இந்தக் கதியென்றால் ஏஜெண்டை எப்படி நம்புவது? என் உரைகல் இது: பிள்ளைக்கு வேலை கிடைத்த பிறகு கமிஷன் கேட்பவர் ஏஜெண்ட், முன்பணம் கேட்பவர் மோசக்காரர். பிள்ளையின் பங்கு பிள்ளையின் பெயரிலேயே சேர்கிறதா என்றும் பாருங்கள்.

திரையில் நாடோடி கூரைமேல் ஓடிப் பையனை மீட்டான். நிஜத்தில் கலிபோர்னியாவின் சட்டம் 1939-ல் வந்தபோது, பையனும் வளர்ந்துவிட்டான், பணமும் கரைந்துவிட்டது.