பெயரும் குரலும்

அகத்திணை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "தலைவிக்கு ஏன் மேடம் பெயரே இல்லை?" தொல்காப்பியர் விதி என்றேன். பெயர் மறைந்திருப்பதால்தான் அவள் தன் வேட்கையை அவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறாள் என்பது என் வாசிப்பு.

நம் இணையச் சட்டங்களில் இது தலைகீழ். பால் தாக்கரே மறைந்தபோது மும்பை முடங்கியது ஏன் என்று 2012இல் முகநூலில் கேட்டாள் பால்கரைச் சேர்ந்த ஒரு பெண். தோழி லைக் போட்டாள். இருவரும் கைது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் 'எரிச்சல்' என்ற சொல்லுக்கு வரையறையே கிடையாது. (யாருடைய எரிச்சல் என்று நமக்குத் தெரியும்.) 2015இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது.

அந்த மாணவி புனைபெயரில் இணையத்தில் எழுதுகிறாள். அப்பாவிடம் மறைத்தாயிற்று. "அரசிடம் மறைக்க முடியுமா மேடம்?"