குடிலனுக்கு ஒரு குரல்

1891-இல் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ படிப்பதற்கென்றே எழுந்த நாடகம் என்பர். அதனால்தானோ என்னவோ, வகுப்பறையில் அது அருஞ்சொற்பொருளாகவும் தேர்வு வினாவாகவும் சுருங்கிவிடுகிறது! 5 அங்கங்களும் 20 களங்களும் கொண்ட அந்நூலில் சீவக மன்னன் ஏமாறுவது வாளினால் அன்று. அமைச்சன் குடிலனின் இனிய சொற்களால். இதனைக் குறிப்பெழுதிக் கற்பிக்க இயலாது. ஒரு மாணவன் குடிலனாக நின்று பேச, மற்றொருவன் சீவகனாகச் செவிமடுக்கட்டும். செய்யுள் நடை முதலில் நாவில் இடறும், இடறட்டும். முகத்துதி எத்துணை இனியது என்பதைக் கேட்டவனும், வஞ்சகம் எத்துணை எளியது என்பதைப் பேசியவனும் அன்று உணர்வர். நாளை பொறுப்புகளை ஏற்கவிருக்கும் நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணினும் இவ்வுணர்வன்றோ தேவை?