திரூர் நினைவிடமும் ஒளிப்படக் கருவியும்

எம் கல்லூரி மாணவர் சிலர் கேரளப் பயணத்திலிருந்து கொணர்ந்த ஒளிப்படங்களைக் கண்ணுற்றபோது எழுந்த சிந்தனைகளே இவை. திரூரிலுள்ள வேகன் துயர நினைவு நகர மன்றத்தின் முகப்பு, பெயர்ப் பலகை, அதன் முன் நின்று புன்னகைக்கும் முகங்கள்! ஜியாரத்தின் ஒழுக்கம் அறிந்தோர்க்கு அப்புன்னகை உறுத்தும். ஆயினும் என் கருத்து வேறொன்று.

1921 நவம்பரில், மாப்பிள்ளைக் கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேய அரசு, ஏறத்தாழ நூறு கைதிகளைத் திரூரில் மூடிய சரக்குப் பெட்டி ஒன்றில் ஏற்றி அனுப்பியது. போத்தனூரில் கதவைத் திறந்தபோது பலர் மூச்சுத் திணறி மாண்டிருந்தனர். இறந்தோர் தொகை 64 என்றும் 70 என்றும் கூறப்படுகிறது; அவர்களுள் இந்துக்களும் சிலர் இருந்தனர். காற்றுப் புக வேண்டிய கம்பிவலையின் துளைகள் வண்ணப்பூச்சாலும் தூசியாலும் அடைபட்டிருந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. கடலூர், சிதம்பரம் வழியே அக்காலத்தில் ரயில் ஓட்டிய தென்னிந்திய ரயில்வே நிறுவனத்தின் பாதையில்தான் அப்பெட்டியும் சென்றது.

ஜாலியன்வாலா பாகில் சுவரிலுள்ள குண்டுத் துளைகளே படமாகி விடுகின்றன. மூச்சுத் திணறல் சுவரில் எத்தழும்பையும் விட்டுச் செல்வதில்லை. ஆகவே திரூரில் கட்டடத்தை மட்டும் எடுக்கும் படம், கீழே எழுதப்படும் இரண்டு வரிகளையே முழுவதும் நம்பி நிற்கிறது. அவ்வரிகளில்தான் பூசல் தொடங்குகிறது. ஒருவர் "மதக்கலவரம்" என எழுதி, பெட்டியைப் பூட்டிய அரசை மறைத்து விடுகிறார். மற்றொருவர் தம் சமூகத்துத் தியாகிகளை மட்டுமே எழுதி, அதே பெட்டியில் மாண்ட இந்துவையும், கிளர்ச்சியின்போது இந்துக் குடும்பங்கள் பட்ட இன்னலையும் விட்டு விடுகிறார். இரண்டுமே சான்றுரைப்பதில் செய்யும் குறைபாடுகள். ஷஹாதத் என்னும் சொல்லுக்குச் சாட்சியம் என்பதே முதற்பொருள் என்பதை நம் மாணவர்க்கு நினைவூட்டத் தேவையில்லை.

படம் எடுப்பதே வீண் என்போரும் உளர். திரூர் ரயில் நிலையத்தில் இத்துயரைத் தீட்டியிருந்த சுவரோவியம், எதிர்ப்பு எழுந்ததால் 2018இல் அகற்றப்பட்டது. 2021இல் இந்திய வரலாற்று ஆய்வுக் கழகத்தின் குழுவொன்று, விடுதலைப் போர்த் தியாகிகள் அகராதியிலிருந்து மாப்பிள்ளைக் கிளர்ச்சியாளர் 387 பேரின் பெயர்களை நீக்கப் பரிந்துரைத்தது. சுவரும் ஏடும் இவ்வாறு மாறும் காலத்தில், நாளும் இடமும் குறித்து எடுத்த எளிய படமே பின்னர் ஆவணமாகும். அடுத்த முறை செல்வோர் கல்வெட்டை எழுத்துத் தெரியும்படி எடுக்கட்டும். போத்தனூர் நிலையத்திலும் இறங்கிப் பார்க்கட்டும்.