கடலோரத்தில் கண்ட நான்கு படங்கள்

மழைக்காலத்து மாலைகளில், கடலைக் களமாகக் கொண்ட நான்கு திரைப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. நான்கும் புதியவை அல்ல. ஒன்று மிகப் பழையது. எனினும், கோவளத்தில் கார்மேல் அன்னை ஆலயத்து மணியோசை கேட்கும் தொலைவில் அமர்ந்து காண்கையில், நகரத்து அரங்கில் தப்பிப்போன சில நம் கண்ணில் பட்டன.

மணிரத்னத்தின் 'கடல்' (2013) ஜெயமோகனின் கதை. தமிழ்த் திரையில் பாதிரியார் என்றாலே உடைந்த தமிழ் பேசி, திருமணக் காட்சியில் தலைகாட்டி மறைபவர் என்றே கண்டு பழகிவிட்டோம். அரவிந்த்சாமி ஏற்றுள்ள தந்தை சாம் அப்படியல்லர். பாழடைந்த கோயிலுக்கு வந்து, எவருக்கும் வேண்டாத சிறுவன் ஒருவனை மனிதனாக்க முயல்கிறார். முற்பகுதி நெஞ்சைத் தொடுகிறது. பின்னர், நன்மையும் தீமையும் ஆளுருவெடுத்துச் சொற்போர் தொடங்கியதும் மீனவ மக்கள் வெறும் திரைச்சீலை ஆகிவிடுகின்றனர். குருமடத்தில் பெர்க்மான்ஸின் தவற்றைக் கண்ட சாம், கண்டிப்புக் காட்டினார்; அதில் இரக்கம் குறைந்திருந்ததா? படத்தின் உயிர்நாடியான இக்கேள்வியை இயக்குநர் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டாரே என்பதுதான் நம் குறை.

பரத்பாலாவின் 'மரியான்' (2013) பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தனுஷும் பார்வதியும் நன்கு நடித்துள்ளனர். கதை ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குச் சென்றபின் நம் மனம் கரையிலேயே தங்கிவிட்டது.

சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை' (2012) வேறு தரம். குடியில் மூழ்கிய அருளப்பசாமி, அவனை விட்டுக்கொடுக்காத தாய், அவன்பால் அன்பு கொள்ளும் எஸ்தர் ஆகியோரை நாம் ஞாயிறுதோறும் திருப்பலியில் பார்த்திருக்கிறோம். தாயாக வரும் சரண்யா, மகன் குடிக்கக் காசு கேட்கும்போது படும் வேதனையை நடிப்பென்று சொல்ல மனம் வரவில்லை. சமுத்திரக்கனி ஏற்றுள்ள உதுமான் கனி, கிறிஸ்தவ மீனவர்க்குத் துணைநிற்கும் இஸ்லாமியர். கார்மேல் அன்னை ஆலயமும் தமீம் அன்சாரி தர்காவும் ஒரே ஊரில் அமைந்த கோவளத்தார்க்கு இவர் அந்நியரல்லர். அவர் வாயில் வைத்த வசனங்கள் சில மேடைப் பேச்சாக நீள்வதை மட்டும் தவிர்த்திருக்கலாம். கடலில் சுடப்பட்ட கணவனின் உடலை வீட்டுக்குள்ளேயே புதைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழும் எஸ்தரை, முதிய பருவத்தில் நந்திதா தாஸ் ஏற்றுள்ளார். அந்த முகத்தின் அமைதி, முறையிட்டும் கேட்பாரில்லை என்பதை எந்த வசனத்தினும் உரக்கச் சொல்கிறது.

இறுதியாக ராமு காரியத்தின் 'செம்மீன்' (1965). தகழியின் நாவலைத் தழுவியது; குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்ற முதல் தென்னிந்தியப் படம். மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் கடல் இன்றும் உயிரோடு புரள்கிறது. சலீல் சௌதுரியின் இசைக்கும் மூப்பு வரவில்லை. ஆனால், கரையில் மனைவி கற்புப் பிறழ்ந்தால் கடலில் கணவன் மடிவான் என்னும் நம்பிக்கையே கதையின் அச்சாணி. கருத்தம்மா பரீக்குட்டியைத் தேடிச் சென்ற இரவில், பழனியைச் சுழல் விழுங்குகிறது. அந்நம்பிக்கையை ஆராயாமல் மெய்ப்பித்துக் காட்டுகிறதே படம்! கலையின் அழகு கண்டு நாம் தலைவணங்கியபோதும், இந்த இடம் உறுத்திற்று.

நம்முடன் அமர்ந்து பார்த்த மீன் விற்கும் அம்மையார் ஒருவர் இடையில் எதுவும் பேசவில்லை. படம் முடிந்ததும், "2004-இல் டிசம்பர் 26-ஆம் தேதி கடல் ஊருக்குள்ள வந்துச்சே, அது யாரு புருஷனை யாரு மறந்தான்னு விசாரிச்சுட்டா வந்துச்சு?" என்றார். நாம் விடை தேடிக்கொண்டிருக்கையில், விடியற்காலை ஏலத்துக்குக் கூடை கழுவி வைக்க வேண்டுமென்று எழுந்து போய்விட்டார்.