தராசும் சவுக்கும்

சொலமன் நோர்த்தப் கூறிய ‘பன்னிரண்டு ஆண்டு அடிமை’ என்ற தன்வரலாறு 1853இல் வெளிவந்தது. நியூயோர்க்கிலே சுதந்திர மனிதராக வாழ்ந்த கறுப்பினத்தவர் ஒருவர், 1841இல் வொஷிங்டனிற் கடத்தப்பட்டு, லூசியானாத் தோட்டமுதலாளிகளின் உடைமையாகிப் பின்னர் மீண்ட கதை அது. 2013இல் திரைப்படமாகியதும் பலர் அதனை அறிந்தனர். ஆயின் கண்ணீர்க் கதையென்றே அதனைப் போற்றுவோர் அதன் தலையாய சிறப்பைக் காணத் தவறுகின்றனர் என்பது எமது கருத்து.

எட்வின் எப்ஸின் பருத்தித் தோட்டத்தை அவர் விவரிக்கும் பகுதியை வாசகர் ஊன்றிப் படித்தல் வேண்டும். வாரமொன்றுக்கு மூன்றரை இறாத்தல் பன்றியிறைச்சியும் அளந்து கொடுக்கும் சோளமுமே உணவு. நாளொன்றுக்கு 200 இறாத்தல் பஞ்சு பறிக்கவேண்டும். புதிதாக வந்தவனை முதல்நாள் சவுக்கால் விரட்டி, இயன்றமட்டும் வேகமாகப் பறிக்கச் செய்வர். இரவில் அதனை நிறுத்து, அதுவே அவனுடைய அளவென விதிப்பர். மறுநாள் குறைந்தால் கசையடி. கூடினாலோ, அடுத்தநாளின் அளவு உயரும். ஆகவே தராசை நோக்கி நடக்கும் ஒவ்வொருவனும், கூடை நிறைந்திருப்பினும் குறைந்திருப்பினும், அஞ்சியே நடந்தான். நாளுக்கு 500 இறாத்தல் பறித்த பற்சியை அவளது திறமை காப்பாற்றவில்லை.

இது ஒரு குடிகாரனின் வெறி மாத்திரமன்று. 1840களின் பிற்பகுதியிலிருந்து தோமஸ் அஃப்லெக் என்பார் தோட்டக் கணக்கேடுகளை அச்சிட்டு விற்றார். ஒவ்வோர் அடிமையும் நாள்தோறும் பறித்த நிறைக்கு ஒரு நிரல். ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அவன் பெறுமதிக்கு ஒரு நிரல். எப்ஸின் சவுக்குக்குப் பின்னால் இத்தகைய எழுத்துவேலை நின்றது. அவ்வேட்டை அதன் மறுபக்கத்திலிருந்து எழுதினார் நோர்த்தப். அதுவே அவரது யதார்த்தம். (எழுத உதவிய வழக்கறிஞர் டேவிட் வில்சனின் கைவண்ணமோ என்னவோ, சிலவிடங்களில் அலங்காரம் மிகுகின்றது. அவற்றை விரைந்து கடந்துவிடலாம்.)

நல்ல எசமானும் இருந்தானே என்பாருக்கு வில்லியம் ஃபோர்ட் கைகொடுக்கிறான். நோர்த்தப்பும் அவனை மனமாரப் புகழ்கிறார். ஆனால் அவர் தரும் செய்தி அவரது புகழுரையையே மறுத்துவிடுகின்றது. சகோதரனுக்குப் பிணைநின்று கடன்பட்ட அந்தத் தயாளன், ரிபீற்ஸ் என்ற தச்சனுக்கு அவரை விற்றான். விலை கடனிலும் அதிகமாகையால், மிகுதி 400 டொலருக்கு அவர்மீதே ஈடு வைத்துக்கொண்டான். பின்னர் ரிபீற்ஸ் அவரைத் தூக்கிலிட முனைந்தபோது, மேற்பார்வையாளன் சாப்பின் துப்பாக்கியுடன் வந்து தடுத்தான். அவன் எடுத்துரைத்த காரணங்களுள் ஒன்று அந்த ஈடு: இவன் இறந்தால் ஃபோர்டின் பணம் போய்விடும். கழுத்திற் கயிற்றுடன், கட்டும் அவிழ்க்கப்படாமல், மாலையில் ஃபோர்ட் வரும்வரை நோர்த்தப் வெயிலில் நின்றார்.