செஞ்சோற்றுக் கடன் இல்லாத படை

கி.மு. 53-இல் கார்ஹே சமவெளியில் ரோமானியத் தளபதி கிராஸஸ் பார்த்தியர்களிடம் தோற்றார். 20,000 பேர் மாண்டார்கள், 10,000 பேர் உயிரோடு பிடிபட்டார்கள் என்று ப்ளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். பிடிபட்டவர்களை மார்ஜியானாவுக்கு, அதாவது இன்றைய துருக்மெனிஸ்தானில் உள்ள மெர்வ் பக்கம் கொண்டுபோனதாக பிளினி சொல்கிறார். அவர்கள் பகைவர் நாட்டிலேயே பெண்ணெடுத்துக் கிழடாகிப் போனதை ஹோரஸ் தம் கவிதையில் மானக்கேடாகப் பேசினார். அதற்கு மேல் வரலாற்றில் அவர்களைப் பற்றிப் பேச்சில்லை.

அந்த இடைவெளியில்தான் அமெரிக்க எழுத்தாளர் டேவிட் டிரேக் தம் நாவலை நிறுத்தினார். 1975-இல் சிறுகதையாக வந்து, 1986-இல் நாவலாக விரிந்த 'ராங்க்ஸ் ஆஃப் ப்ரான்ஸ்' அது. 'வெண்கல அணிகள்' என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன். பிடிபட்ட ரோமானியப் படையணி ஒன்று வேற்றுக்கிரக வணிகக் குழுவின் கைக்கு விலைக்குப் போகிறது. அண்டம் முழுக்கப் பரவிய அவர்களுடைய கூட்டமைப்பில் ஒரு சட்டம் உண்டு: பின்தங்கிய உலகங்களில் உயர்ந்த தொழில்நுட்ப ஆயுதங்களைப் பயன்படுத்தக் கூடாது. சட்டத்தையும் மீறக் கூடாது, அந்த உலகங்களின் சந்தையையும் பிடிக்க வேண்டும். வாளும் ஈட்டியும் கேடயமும் கொண்டு ஒழுங்காகப் போரிடத் தெரிந்த ஆட்களை விலைக்கு வாங்கிவிட்டால் இரண்டும் நடந்துவிடும். காயஸ் விபுலேனஸ் என்ற இளம் அதிகாரியின் பார்வையில், கிரகம் கிரகமாக இறக்கிவிடப்படும் அந்தப் படையின் கதை நகர்கிறது.

அடிமைப்பட்ட மனித வீரர்கள் சூழ்ச்சிக்கார வேற்றுலகப் பேரரசுக்குள் தலையெடுப்பது அறிவியல் புனைகதையில் திரும்பத் திரும்ப வரும் கரு. பெரும்பாலும் அது வாசகனுக்கு மகிழ்ச்சி தரும் ஏணிக் கதையாக முடிந்துவிடும்: அடிபட்டான், ஆயுதம் கிடைத்தது, எழுந்தான், ஆண்டான். ஆனால் கருவுக்குள் அதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. அடிமையின் கையில் வாளைக் கொடுத்தால் அவன் பாதி விடுதலை அடைந்துவிட்டானா, முன்பைவிட ஆழமாகக் கட்டுண்டு போனானா? அதற்கு ஒரு நாவல் என்ன பதில் வைத்திருக்கிறது என்பதே என் அளவுகோல்.

இந்த அளவுகோல் வரலாற்றிலிருந்து வருவது. எகிப்தில் மம்லூக்குகள் விலைக்கு வாங்கப்பட்ட சிறுவர்கள். வளர்ந்து வீரர்களாகி 1250-இல் சுல்தானைக் கொன்று ஆட்சியைப் பிடித்தார்கள். 1260-இல் அய்ன் ஜாலூத்தில் மங்கோலியர்களை நிறுத்தினார்கள். 1517-இல் உதுமானியர் வரும்வரை ஆண்டார்கள். இத்தனை காலமும் கப்பல்களில் புதிய அடிமைச் சிறுவர்களை இறக்கியபடியே இருந்தார்கள். தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்குப் பொதுவாக அந்தப் படையில் இடம் கிடையாது. தக்காணத்தில் அகமதுநகரைத் தாங்கிநின்று, ஜஹாங்கீரின் படைகளை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்த மாலிக் அம்பர் எத்தியோப்பியாவில் பிறந்து பல கைமாறி விற்கப்பட்டவர். தக்காணத்தில் அவரை வாங்கிய சிங்கிஸ் கான் என்ற அமைச்சரும் ஒரு காலத்தில் ஹப்ஷி அடிமையாக, அதாவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமையாக, இருந்தவர்தான். விலைக்கு வந்தவனே விலைகொடுத்து வாங்குகிறான். அடிமை வீரர்கள் உயர்ந்தார்கள் என்பதற்கு வரலாற்றில் சான்று ஏராளம். அந்த உயர்வு அடிமைச் சந்தையை மூடியதா என்று பார்த்தால் மனம் கனத்துப் போகிறது.

டிரேக்கிடம் முதலில் பாராட்ட வேண்டியது அவர் படைத்த எதிரி. அவருடைய வணிகக் குழுவில் கொக்கரிக்கும் கொடுங்கோலன் இல்லை. படையை நடத்த வருகிற வேற்றுலகத் தளபதிகள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஒரு பணியிடம். வீரர்கள் மேல் வெறுப்பும் இல்லை, பரிவும் இல்லை. நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டிய சரக்கு அவர்கள். டிரேக் டியூக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது கட்டாய ஆள்சேர்ப்பில் எடுக்கப்பட்டவர். 1970-இல் வியட்நாமிலும் கம்போடியாவிலும் விசாரணையாளராகப் பணியாற்றினார். தான் தேர்ந்தெடுக்காத போருக்கு, யாரோ எங்கோ போட்ட கணக்குக்காக அனுப்பப்பட்டவனின் அனுபவம் இந்த நாவலின் ஒவ்வொரு களத்திலும் ஊறியிருக்கிறது. எதற்காக இந்தக் குன்றைப் பிடிக்கிறோம் என்று ரோமானியர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பிடித்த பின் அதை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறோம் என்பதும் தெரிவதில்லை.

இதைவிடவும் முக்கியமான இடம், படையை ஏற்றிச்செல்லும் விண்கப்பலின் மருத்துவம். களத்தில் வெட்டுப்பட்டு விழுந்தவர்களைக் கப்பலுக்குள் கொண்டுபோய்ச் சரிசெய்து திருப்பி அனுப்புகிறார்கள். இறந்தவர்கள் என்று நினைத்தவர்களே மீண்டும் வரிசையில் வந்து நிற்கிறார்கள். யாருக்கும் முதுமை வருவதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இது வரம். மரணம் என்கிற கடைசிக் கதவையும் உடைமைக்காரன் பூட்டிவிட்டான் என்பது பக்கங்கள் புரளப் புரளத்தான் உறைக்கிறது. அடிமைமுறையை ஆராய்ந்த ஆர்லாண்டோ பேட்டர்சன் 1982-இல் அதைச் 'சமூக மரணம்' என்று அழைத்தார்: பிறந்த உறவிலிருந்து அறுக்கப்பட்டு, சமூகத்தின் கண்ணில் இறந்தவனாக வாழ்வது. டிரேக்கின் வீரர்கள் அந்த நிலையின் மறுகோடியில் நிற்கிறார்கள். ஊரின் கணக்கில் அவர்கள் என்றோ செத்துவிட்டார்கள். உடம்பு மட்டும் சாக அனுமதி இல்லாமல் அலைகிறது. விபுலேனஸ் தன் தழும்பில்லாத உடம்பைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அது தன்னுடையதுதானா என்ற ஐயம் வாசகனுக்கும் வந்துவிடுகிறது. போர்க் கதைகளில் இவ்வளவு தெளிவாக உடைமை என்பதன் பொருளைக் காட்டியவை எனக்குத் தெரிந்து மிகச் சில.

தமிழில் நமக்குச் செஞ்சோற்றுக் கடன் என்றொரு சொல் இருக்கிறது. கர்ணனையும் கும்பகர்ணனையும் அதை வைத்துத்தான் புரிந்துகொள்கிறோம். தவறான பக்கம் என்று தெரிந்தும் அவர்கள் நின்றது, உண்ட சோற்றுக்காக. அடிமைப் படைகளை வாங்கிய சுல்தான்கள் இந்தக் கடனைத்தான் விலைக்கு வாங்க முயன்றார்கள். உற்றார் உறவினர் அற்ற சிறுவனை எடுத்து, ஊட்டி, மொழியும் மதமும் ஆயுதமும் பயிற்றுவித்து, தகப்பன் இடத்தில் எசமானை வைத்தார்கள். உதுமானியர்கள் சிறுவர்களைக் கிறித்தவக் கிராமங்களிலிருந்து பிரித்தெடுத்து, துருக்கிய உழவர் வீடுகளில் சில ஆண்டுகள் விட்டுப் பழக்கிய பிறகே ஜானிசரிப் படையில் சேர்த்தார்கள். பழைய உறவை அறுப்பதும் புதிய உறவை ஒட்டுவதும் அங்கே ஒரே வேலையின் இரண்டு பகுதிகள்.

டிரேக்கின் வணிகக் குழு இரண்டையும் செய்யவில்லை. தனித்தனிச் சிறுவர்களாக இல்லாமல் ஒரு படையணியையே முழுசாக வாங்கிவிட்டது: அதன் நூற்றுவர் தலைவர்கள், கொடிகள், ஒரே கூடாரத்தில் உறங்கிய தோழமை, பழைய பகை, கேலிப்பெயர் எல்லாவற்றோடும். களத்தில் வெற்றி தருவது அந்த ஒட்டுறவுதான் என்பதால் அதை உடைக்க முடியாது. உடைக்காமல் வைத்திருக்கும்வரை அந்த வீரர்கள் ஒருவருக்கொருவர் கடன்பட்டவர்கள், எசமானுக்குக் கடன்படாதவர்கள். சோறும் மருந்தும் வந்தாலும் போடுகிற கைக்கு முகமே இல்லை. முகமில்லாதவனிடம் செஞ்சோற்றுக் கடன் பிறக்காது. இறுதியில் அவர்கள் கப்பலைக் கைப்பற்றுவது வாசகனை மகிழ்விக்க ஆசிரியர் ஒட்டவைத்த திருப்பமாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான். வணிகக் குழு கொள்முதல் செய்த நாளிலேயே அதற்கான விதை விழுந்துவிட்டது. சூழ்ச்சி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், வாங்கும் பொருளின் இயல்பு புரியாத வணிகனுக்கு அது உதவாது என்பதை டிரேக் ஒரு பிரசங்கமும் இல்லாமல் சுட்டிக்காட்டிவிடுகிறார்.

இனி குறைகள். அவை சிறியவை அல்ல.

கார்ஹேயில் தோற்ற கிராஸஸ் யார்? ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கிளர்ச்சியை நசுக்கியவர். கி.மு. 71-இல், பிடிபட்ட 6,000 அடிமைகளைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை அப்பியன் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தவர். அதற்கு 18 ஆண்டுகளுக்குப் பின் அதே மனிதரின் வீரர்கள் அடிமைகளாக விற்கப்படுகிறார்கள். ஒரு நாவலாசிரியனுக்குத் தானாக வந்து மடியில் விழுந்த பொருள் இது. இந்த ரோமானியர்கள் அடிமைகளை வைத்து வாழ்ந்த சமூகத்தின் பிள்ளைகள். அடிமைச் சந்தை அவர்களுக்குப் புதிதல்ல. விற்கப்பட்ட முதல் இரவில் தம் வீட்டு அடிமையின் முகம் ஒருவனுக்காவது வந்து நின்றிருக்க வேண்டும். லத்தீன் மூலங்களை ஆழ்ந்து கற்றவர் டிரேக். ஆனாலும் இந்தச் சரட்டை அவர் இழுத்துப் பார்க்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை. அவருடைய வீரர்கள் வீட்டுக்குப் போக ஏங்குகிறார்கள். எந்த வீட்டுக்கு, அந்த வீட்டில் யார் அடிமை என்ற கேள்வியை நாவல் எதிர்கொண்டு நிற்பதில்லை.

இரண்டாவது குறை க்வார்ட்டில்லா. வீரர்களுக்காகக் கப்பலில் வைக்கப்படும் வேற்றுலகப் பெண்களில் ஒருத்தி அவள். அவளுடைய அடிமைத்தனம் வீரர்களுடையதைவிடக் குறைந்ததல்ல. கையில் வாளும் கிடையாது. விபுலேனஸுக்கும் அவளுக்கும் நெருக்கம் வளரும் பகுதிகளில் டிரேக்கின் எழுத்து மென்மையாகிறது, ஆனால் அந்த மென்மையும் அவன் பக்கமிருந்தே வருகிறது. அவளை அவன் பார்ப்பதைப் படிக்கிறோம், அவள் இந்தப் படையைப் பார்ப்பதைப் படிக்கக் கிடைக்கவில்லை.

மூன்றாவது குறையே என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. ரோமானியர்கள் தோற்கடிக்கும் உலகத்தவர் பெரும்பாலும் எதிரே நிற்கும் வரிசைகளாக மட்டுமே வருகிறார்கள். இதை நான் தமிழனாகப் படிக்கிறேன். 1299-இல் குஜராத்தின் கம்பாத்தில் பிடிபட்டு அலாவுதீன் கில்ஜியின் அவைக்குக் கொண்டுபோகப்பட்ட அடிமை மாலிக் காஃபூர், 1311-இல் படையோடு மதுரைக்கு வந்தார். அவர் ஏறிவந்த ஏணியைத் தில்லி வரலாற்றில் வியப்போடு எழுதலாம். மதுரையில் நின்றவர்களுக்கு அவர் அடிமை என்பது தெரிந்திருந்தாலும் அதனால் என்ன பயன்? சூறையாட வந்தவனின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத கயிறு இருந்தது என்பது சூறையாடப்பட்டவனுக்கு ஆறுதல் ஆகாது. அடிமை வீரனின் கதையை எழுதுகிறவர் இந்தப் பக்கமும் வந்து ஒரு கணம் நிற்க வேண்டும். டிரேக் போரின் அருவருப்பை மறைக்கவில்லை, அதற்கு நன்றி. ஆனால் அந்த அருவருப்பு வெட்டுகிறவனின் களைப்பாகவே பதிவாகிறது.

இந்தக் கருவை டிரேக்கின் உலகத்துக்குள்ளேயே எடுத்து விரித்தவர் டேவிட் வெபர். அவருடைய 'தி எக்ஸ்காலிபர் ஆல்டர்நேட்டிவ்' 2002-இல் நாவலாக வந்தது. 1346-இல் பிரான்சுக்குக் கடல்வழி புறப்பட்ட சர் ஜார்ஜ் வின்காஸ்டரின் ஆங்கிலேயப் படை புயலில் சிக்கி, வேற்றுலகத்தவர் கையில் விழுகிறது. வெபர் செய்த ஒரு மாற்றம் உண்மையிலேயே கூர்மையானது: வீரர்களோடு மனைவிமாரும் பிள்ளைகளும் கப்பலில் இருக்கிறார்கள். குடும்பத்தைப் பிணையாக வைத்துக்கொண்டால் சங்கிலி தேவையில்லை. சர் ஜார்ஜின் மனைவி மெட்டில்டா வெறும் பிணையாக இல்லாமல் ஆலோசனை சொல்லும் துணையாக வருவதும், கப்பலைக் காவல் காக்கும் டிராகன் மனிதர்களும் அடிமைகளே என்று தெரிந்து இரு தரப்பும் கைகோப்பதும் டிரேக்கிடம் இல்லாத நல்ல இடங்கள். அடிமைக்கும் அடிமைக்கும் நடுவே பாலம் கட்டினால்தான் கிளர்ச்சி என்று வெபர் சரியாகவே பிடித்திருக்கிறார்.

பிடித்ததை அவரே கைநழுவ விடுகிறார். விடுதலை பெற்றவர்கள் ஒளிந்து வளர்ந்து, நூற்றாண்டுகள் கழித்துப் பூமிக்கு ஆபத்து வரும்போது தங்கள் சொந்தப் பேரரசின் கப்பற்படையோடு வந்து இறங்குகிறார்கள். வாசிக்கும்போது மயிர்க்கூச்செறியும், மறுக்கவில்லை. புத்தகத்தை மூடியபின் எனக்கு மம்லூக்குகளே நினைவுக்கு வந்தார்கள். பேரரசை எதிர்த்தவர்கள் பேரரசு கட்டுகிறார்கள், நாவல் அதற்குக் கைதட்டுகிறது. அந்தப் புதிய பேரரசில் கீழே யார் என்ற கேள்விக்கு, இவர்கள் நல்லவர்கள் என்பதே பதிலாக நிற்கிறது. அந்தப் பதில் போதாது. மம்லூக்குகளும் தங்களை நல்லவர்கள் என்றே நம்பியிருப்பார்கள்.

பெயரிலேயே அடிமைப் படைகளின் வரலாற்றைச் சுமக்கும் ஜெர்ரி பூர்னெலின் 'ஜானிசரீஸ்' (1979) நாவலை இங்கே நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவில் சிக்கிக்கொண்ட அமெரிக்கக் கூலிப்படையை வேற்றுலகத்தவர் தூக்கிக்கொண்டுபோய், போதைப் பயிர் விளைவிக்கும் கிரகத்தில் இறக்கிவிடுகிறார்கள். விண்மீன் அரசியலின் சூழ்ச்சியைப் பின்னுவதில் பூர்னெல் கெட்டிக்காரர். அடிமைப்படுதல் என்ன செய்யும் என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை.

ஆகவே என் தீர்ப்பு டிரேக்கின் பக்கம். வெபரின் கதை அமைப்பு இன்னும் செம்மையானது, அவருடைய மனிதர்கள் அன்புக்குரியவர்கள், பெண்களுக்கு அங்கே குரல் இருக்கிறது. இருந்தும் வாளேந்திய அடிமையின் சிக்கலை அவர் வெற்றியால் கரைத்துவிடுகிறார். 'வெண்கல அணிகள்' அதைக் கரைக்கவில்லை. மேலே சொன்ன மூன்று குறைகளும் அதை ஒரு முழுமையான பேரிலக்கியம் ஆகவிடாமல் தடுக்கின்றன. முக்கியமாக அப்பியன் சாலையைத் திரும்பிப் பார்க்காததை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனாலும் கப்பல் கைக்கு வந்தபின் அந்த வீரர்கள் கேட்பது வீடு ஒன்றுதான். சிங்காதனமோ பழிவாங்கலோ அவர்களைக் கூப்பிடவில்லை. அந்த வீடு இத்தனை காலத்துக்குப் பின் அங்கே இருக்காது என்பது அவர்களுக்கு முன்பே நமக்குத் தெரிகிறது. தெரிந்துகொண்டே அவர்களோடு கப்பலில் ஏறுகிறோம்.