கையடக்கமும் கைமாற்றும்

கையடக்க கேம் கன்சோல் ஒன்று வாங்கலாம் என்று யூட்யூபில் தேடினால் எல்லா விடியோவும் ஒரே மாதிரி இருக்கும். பிராசஸர் என்ன, ரேம் எவ்வளவு, திரை எத்தனை இஞ்ச், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும். ஒரு நாவலுக்கு மதிப்புரை எழுத வந்தவர் தாளின் தடிமனையும் அட்டையின் பளபளப்பையும் சொல்லிவிட்டு எழுந்து போனால் நாம் சும்மா விடுவோமா? கன்சோல் விஷயத்தில் மட்டும் விட்டுவிடுகிறோம்.

கன்சோல் என்பது விளையாட்டைப் போட்டு வைக்கிற டப்பா இல்லை. அது யாப்பு மாதிரி. வெண்பாவின் ஈற்றடிக்கு மூன்று சீர்தான் என்று ஆனபிறகு, அந்த மூன்று சீருக்குள் நிற்கிற மாதிரிதான் கவிஞன் யோசிக்க ஆரம்பிக்கிறான். ஒரு கையடக்கக் கருவியின் திரை, பட்டன், நினைவகம் எல்லாமே அந்த வேலையைத்தான் செய்கின்றன. எனவே ஒன்றை வாங்கும்போது நாம் எந்தக் கட்டுப்பாட்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று கேட்பதுதான் சரியான விமர்சனக் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

*

இந்தக் கேள்வியை முதலில் கேட்ட ஆள் குன்பெய் யோகோய். 1965இல் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அவர் வேலை ஹனஃபுடா சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பது. புல்லட் ரயிலில் ஒரு பயணி கால்குலேட்டரைத் தட்டிப் பொழுதுபோக்குவதைப் பார்த்துத்தான் அவருக்குக் கையடக்க விளையாட்டு யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1980இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ வந்தது. 1989 ஏப்ரலில் ஜப்பானில் கேம்பாய் வந்தது.

யோகோயின் கொள்கையை ‘வாடிய தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்திப்பது’ என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். ‘வாடிய’ என்பதில் ஏதோ இழிவு ஒட்டிக்கொள்கிறது. நம் தச்சர்களிடம் கேட்டால் இன்னும் நல்ல சொல் கிடைக்கும். பச்சை மரத்தில் கதவு செய்தால் நாளாவட்டத்தில் கோணிக்கொள்ளும். காய்ந்த மரம்தான் நிற்கும். யோகோய் தேடியது காய்ந்த மரத்தை. விலை இறங்கிய, குணம் தெரிந்த, இனிமேல் யாரையும் ஏமாற்றாத தொழில்நுட்பம்.

அதனால்தான் கேம்பாயின் திரையில் நிறம் இல்லை. 160க்கு 144 புள்ளிகள், நான்கே சாயல்கள், அதுவும் பாசி படிந்த குளத்துத் தண்ணீர் நிறத்தில். பின்னாலிருந்து விளக்கு கிடையாது, வெளிச்சம் தேடி ஜன்னலோரம் நகர வேண்டும். அதே 1989இல் வந்த அட்டாரி லிங்க்ஸிலும் 1990இல் வந்த செகா கேம் கியரிலும் வண்ணத் திரை இருந்தது. ஆனால் கேம் கியர் ஆறு பென்சில் செல்லை நான்கைந்து மணி நேரத்தில் குடித்துவிடும். கேம்பாய் நான்கு செல்லில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். கடைசியில் கேம்பாயும் அதன் வண்ண வடிவமும் சேர்ந்து சுமார் 11.87 கோடி விற்றன. கேம் கியர் ஒரு கோடியைச் சற்றே தாண்டியது.

இதை வெறும் வியாபார வெற்றியாகப் படிக்கலாம். எனக்கு அது அழகியல் வெற்றியாகவும் தெரிகிறது. அதற்குச் சாட்சி அந்தக் கருவியோடு அமெரிக்காவில் சேர்த்துக் கொடுக்கப்பட்ட விளையாட்டு: டெட்ரிஸ்.

அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் இருந்தபோது எழுதியது அது. அவர் பயன்படுத்திய கணினியில் படம் வரையவே வழியில்லை, அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். அதாவது டெட்ரிஸ் பிறந்ததே வறுமையில். நான்கு சாயல் திரை அதற்குத் தாராளம். ஏழு வடிவங்கள், பத்துக் கட்ட அகலம். நீங்கள் சரியாகச் செய்த வரிசை உடனே மறைந்துவிடும், சொதப்பியது மட்டும் கண்முன் குவிந்துகொண்டே போகும். வாழ்க்கைத் தத்துவம் பேசுகிறேன் என்று சொல்லாமலே அதைப் பேசுகிற விளையாட்டு.

நம்மூருக்கும் டெட்ரிஸ் வந்தது, வேறு வாசல் வழியாக. தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்குத் திருவிழாக் கடையில் தொங்கும் பிரிக் கேம் நினைவிருக்கும். மேலே ‘9999 இன் 1’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உள்ளே உண்மையில் இருப்பது கட்டை அடுக்குவது, பாம்பு, கார் ரேஸ், டாங்கி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில விளையாட்டுகள். வேகத்தையும் லெவலையும் மாற்றி மாற்றி எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள். அது பொய் என்று எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நாளில் தெரிந்துவிடும், ஆனாலும் யாரும் கவலைப்படவில்லை. கட்டை அடுக்குவது ஒன்றே போதுமானதாக இருந்தது. 9999 என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் திரும்ப வருவேன்.

*

சில வருடங்களுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பன் எனக்காகப் பழைய கேம்பாய் கலர் ஒன்றை வாங்கி வந்தான். கூடவே போக்கிமான் ரெட் கார்ட்ரிட்ஜ். நம்மூர் டி.வி. கேம் பாஷையில் ‘கேசட்’. “ஃபோன்லயே எல்லாம் கெடைக்குதேடா, இது எதுக்கு உனக்கு?” என்று கேட்டுக்கொண்டேதான் கொடுத்தான்.

போக்கிமான் முதலில் வெளியானது 1996 பிப்ரவரியில், ஜப்பானில். கேம்பாய்க்கு அப்போது ஏழு வயது, கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரம். உருவாக்கிய சடோஷி தாஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்து அலைந்தவர். இரண்டு கேம்பாய்களை இணைக்கும் கேபிளைப் பார்த்தபோது அதில் பூச்சி ஊர்ந்து அந்தப் பக்கம் போவதுபோல அவர் கற்பனை செய்தார். மொத்த விளையாட்டும் அந்தக் கற்பனைதான். சில உயிர்கள் ஒரு கார்ட்ரிட்ஜில் மட்டும் கிடைக்கும், சில மற்றதில் மட்டும். நான்கு உயிர்கள் இன்னொருவர் கைக்குப் போனால்தான் அடுத்த வடிவம் எடுக்கும். கைமாறிய உயிரில் முதலில் பிடித்தவர் பெயர் அழியாமல் இருக்கும்.

ஆன் செய்தேன். ‘தொடர்’ என்ற வாய்ப்பு இருந்தது. முன்பு வைத்திருந்தவருடைய சேவ் அப்படியே இருக்கிறது! ஏழு எழுத்துக்குள் ஒரு பெயர், எட்டுப் பட்டயங்கள், 131 மணி நேரம். பிடித்த உயிர்களின் எண்ணிக்கை 124.

இந்த 124ஐப் பார்த்து நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மொத்தம் 151. மற்ற கார்ட்ரிட்ஜில் மட்டும் கிடைக்கும் 11ஐக் கழியுங்கள். கைமாறினால் மட்டுமே வளரும் 4, ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும் என்ற விதியால் நழுவும் 11, சிறப்பு நிகழ்ச்சிகளில் மட்டும் வழங்கிய 1. மிச்சம் 124. ரெட்டை வைத்துக்கொண்டு யாருடைய துணையும் இல்லாமல் ஒருவர் எட்டக்கூடிய உச்சம் அது. அந்த முகம் தெரியாத பிள்ளை தன்னால் முடிந்த எல்லாவற்றையும் செய்திருக்கிறது. கேபிளின் அந்தப் பக்கம் பிடிக்க ஆள் இல்லை போல. தனிமை பற்றி எத்தனையோ கதைகள் படித்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக எதுவும் சொன்னதில்லை.

போக்கிமான் ரெட்டில் சேவ் இடம் ஒன்றே ஒன்றுதான். நான் புதிதாக ஆரம்பித்துச் சேமித்தால் பழையது அழியும். கேட்டுவிட்டுத்தான் அழிக்கும், ஆனால் அழிக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த நினைவைக் காப்பது உள்ளே பற்றவைத்திருக்கும் ஒரு பட்டன் செல். இருபது வருடம் தாண்டிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் அது சாகலாம். செல்லைக் கழற்றினாலும் சேவ் போய்விடும். நான் வாங்கியது விளையாட்டு என்று நினைத்திருந்தேன். கையில் இருந்தது எண்ணெய் வற்றிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருடைய விளக்கு.

கார்ட்ரிட்ஜ் படிக்கும் சின்னக் கருவி ஒன்றைத் தேடி வாங்கி, சேவைக் கணினிக்கு எடுத்து, செல்லை மாற்றி, மறுபடி உள்ளே ஏற்றினேன். 124 இன்னமும் 124ஆகவே இருக்கிறது.

*

அந்தக் கருவி எமுலேஷன்காரர்கள் உலகத்திலிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய கன்சோலை மென்பொருளால் போலி செய்து, விளையாட்டைக் கோப்பாக இறக்கி ஓட்டுகிறவர்கள். அவர்களை நம்பிச் சீனாவில் இன்று ஒரு தொழிலே நடக்கிறது. மியூ மினி, ஆன்பெர்னிக் என்று சட்டைப்பைக்குள் போகும் கருவிகள். பல விற்பனையாளர்கள் ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை எஸ்டி கார்டில் போட்டே தருகிறார்கள். திருவிழாக் கடையின் 9999 இப்போது நிஜமாகிவிட்டது.

நிஜமானதும் என்ன ஆச்சு? இதைப் படிக்கிற உங்களில் பலருடைய டெலிகிராமில் ஆயிரம் பிடிஎஃப் கிடக்கும். எத்தனை படித்தோம்? பட்டியலைக் கீழே தள்ளித் தள்ளி, ஒன்றைத் திறந்து, முதல் பக்கம் பார்த்து, மூடி, அடுத்தது. எஸ்டி கார்டும் அதே அனுபவம்தான். பத்தாயிரத்தில் ஒன்றாக இருக்கும் போக்கிமானுக்கு யாரும் 131 மணி நேரம் கொடுக்க மாட்டார்கள். ஒரே ஒரு கேசட் வைத்திருந்த பிள்ளைதான் கொடுக்கும்.

இதை வைத்து “எமுலேஷன் திருட்டு, ஒழிக” என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் 2023இல் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கவே கிடைக்காது என்று காட்டியது. பதிப்பாளர் மறுபதிப்பு போடவும் மாட்டார், பிறர் நகலெடுக்கவும் கூடாது என்றால் ஒரு மொழியின் இலக்கியம் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். கரையான் தின்ற ஏடுகளின் கதை நமக்குத் தெரியும். ஆகவே சேமிக்கிறவர்கள் வேண்டும். ஆவணக் காப்பகம் பத்தாயிரம் வைத்திருக்கட்டும், வைத்திருக்கத்தான் வேண்டும். வாசகனுக்குத் தேவை மடியில் ஒன்று. இரண்டையும் ஒரே சாதனத்தில் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பிரச்சினை.

*

புதிதாகவே வாங்கலாமே என்றால், அங்கே கட்டுப்பாட்டின் அர்த்தமே தலைகீழாகிவிட்டது. நின்டெண்டோ 2023 மார்ச் 27ஆம் தேதியோடு 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடையில் விற்பனையை நிறுத்தியது. அந்தக் கடையில் மட்டும் வெளியான விளையாட்டுகளை இனி புதிதாக யாரும் வாங்க முடியாது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2வுக்கு ‘கேம் கீ கார்டு’ என்று ஒரு வகை கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. பார்க்க வழக்கமான கார்ட்ரிட்ஜ் போலவே இருக்கும், உள்ளே விளையாட்டு இருக்காது. சாவி மட்டும். விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். இதை மறுவிற்பனை செய்யலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த சர்வர் மூடிய மறுநாள் கைமாறுவது பிளாஸ்டிக் துண்டு.

கேம்பாயின் கட்டுப்பாடு பொருளுக்குள் இருந்தது. நான்கு சாயல், ஒரு சேவ், ஒரு செல். அதற்குள் இருப்பது வாங்கியவருடையது. இன்றைய கருவியில் திரைக்கும் வேகத்துக்கும் எல்லை ஏறக்குறைய இல்லை, எல்லை முழுக்க ஒப்பந்தத்தில் இருக்கிறது. முதல் வகைக் கட்டுப்பாடு கலையை உண்டாக்கியது. இரண்டாவது வகை வாடகையை உண்டாக்குகிறது.

நம்மிடம் கைமாற்று என்று ஒரு சொல் உண்டு. பத்திரம் இல்லாமல், வட்டி இல்லாமல், முகத்தை நம்பிக் கொடுப்பது. பேச்சில் கைமாத்து. முகம் தெரியாத அந்தப் பிள்ளையிடமிருந்து எனக்கு வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். வாங்கியவன் என்ற முறையில் அது என்னுடையது, ஆனாலும் அழிக்க மனசு வரவில்லை. எனக்கென்று தனியாக ஆரம்பிக்க இன்னொரு கார்ட்ரிட்ஜ் தேடிக்கொண்டேன். இதில் நான் பெரிய மனிதன் ஆகிவிட்டதாக எதுவும் இல்லை. ஒரு பொருள் தன்னைப் பயன்படுத்தியவரின் தடத்தைச் சுமந்துகொண்டு அடுத்த கைக்குப் போகும்படி செய்யப்பட்டிருந்தால், அது நம்மிடம் இந்த மாதிரியான பொறுப்பைத் தானாகவே கேட்கும். அவ்வளவுதான்.

ஆகவே கன்சோல் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: ரேம் எவ்வளவு என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே இன்னொன்றும் கேளுங்கள். இருபத்தைந்து வருடம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் இதை ஆன் செய்தால், நான் இருந்தேன் என்பது அவருக்குத் தெரியுமா?